எடின்பரோவுக்கு எத்தனை மணி நேரம்?

சிம்பாங் பூலாய்,
மலேசியா, 24 அக்டோபர் 2025

அன்புள்ள மகள் தினேஸ்வரிக்கு,

அப்பா எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். நீயும் மாப்பிள்ளை ஷர்வினும் வயித்துப் புள்ளையும் சுகமா இருக்கணும்னு தீபாவளியன்னிக்குக் கோயில்ல விளக்கு ஏத்தினேன்.

நீ வாட்ஸ்அப்ல அனுப்பின மத்தாப்புப் படத்தை இர்ஃபானா காட்டுச்சு. அழகாத்தான் இருந்துச்சு, ஆனா அது கடுதாசி ஆகாது. போன்ல பேசலாம்னா நீ பேசுறது எனக்குக் கேக்காது, நான் கத்துறது நாலு வீட்டுக்குக் கேக்கும். கமுந்திங் ஆலை மிஷினு என் காதைத் தின்னுட்டுப் போனதுல இருந்து நமக்கு இந்தப் பேப்பர்தான். நான் எழுதித் தரேன், சுபைதாம்மா கடையில அவங்க மக இர்ஃபானா படம் புடிச்சு அனுப்பும். நீ அனுப்புறதைப் பெரிய எழுத்துல அடிச்சுக் குடுக்கும். முழுசா எழுது.

விசயத்துக்கு வாரேன். மாசி மாசம் பிரசவம்னு சொன்னே. உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் பெட்டி கட்டியிருப்பா. நீ ஏழு வயசா இருக்கும்போதே போயிட்டா, என்ன செய்யுறது. அதனால நீ இங்க வந்து பெத்துக்கயேன். ஈப்போ ஆஸ்பத்திரி பக்கந்தான். புள்ளைய குளிப்பாட்ட சுபைதாம்மா இருக்காங்க, அவங்களே சொன்னாங்க.

அங்கேருந்து இங்க வர பிளேன்ல எத்தனை மணி நேரம்? சுபைதாம்மா மகன் ஜாஹித், மக்காவுக்கு உம்ரா போற ஆளுங்களை பிளேன் ஏத்தி விடுறவன். ஜித்தாவுக்கு ஒம்பது மணி நேரம்ங்கிறான். எடின்பரோ அதுக்கும் அந்தாண்டையா?

சம்பந்தி சீனி தீபாவளிக்கு வந்தான். முறுக்கை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டே இருந்தான், திங்கல. பல்லு வலியான்னு கேட்டேன். ஆமாங்கிறான். மாப்பிள்ளையை அவங்கப்பனுக்கு ஒரு போன் போடச் சொல்லு.

இப்படிக்கு,
உன் நலம் தேடும் அப்பா,
அர்ச்சுனன்


எடின்பரோ,
31 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்களுக்குத் தலைசுத்தல் இருக்கா? பிரஷர் மாத்திரையைக் காலையில சாப்பிட்ட பிறகு போடுங்க, முன்னாடி போடாதீங்க.

நீங்க கேட்டதுக்குப் பதில். இங்கேருந்து கோலாலம்பூர் பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு. நேரா பிளேன் கிடையாது. டோஹாவுல இறங்கி வேற பிளேன் ஏறணும். முதல்ல ஏழு மணி நேரம், அங்க மூணு மணி நேரம் காத்திருக்கணும், அப்புறம் இன்னும் ஏழரை. பிறகு கே.எல். ஏர்போர்ட்டுல இருந்து ஈப்போவுக்கு பஸ். வீட்டுக் கதவுல இருந்து வீட்டுக் கதவுக்கு ஒரு நாள் முழுசா போயிடும்.

இப்ப அவ்வளவு நேரம் உட்கார டாக்டர் விடமாட்டேங்கிறாங்க அப்பா. பெருசா ஒன்னும் இல்ல. முப்பத்தெட்டு வயசு, முன்னாடி ரெண்டு தடவை தங்கலைங்கிறதால கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்றாங்க. நானே நர்ஸ்தானே, எனக்குத் தெரியாதா. இங்கேயே நல்லா பார்த்துக்குவாங்க.

குளிர் ஆரம்பிச்சிருச்சு. நாலரை மணிக்கெல்லாம் இருட்டுது. நீங்க குடுத்தனுப்பின மிளகாய்த்தூள் இன்னும் ஒரு டப்பா இருக்கு.

சுபைதா அக்காவுக்கும் இர்ஃபானாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்க.

அன்புடன்,
தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்,
5 நவம்பர் 2025

அன்புள்ள தினேசுக்கு,

அப்பாவுக்குத் தலைசுத்தல் இல்ல. மாத்திரை போடுறேன்.

உன் கடுதாசியை மூணு தடவை படிச்சேன். டாக்டர் இருக்காங்க, மிளகாய்த்தூள் இருக்கு, மாப்பிள்ளை மட்டும் எங்கேயும் இல்ல. சீனிக்குப் போன் போடச் சொன்னேனே, சொன்னியா? ரெண்டு பேருக்கும் சண்டையா? சண்டைன்னா சொல்லு. நானும் சீனியும் கோலா கங்சார் தோட்டத்துல ஒரே லயத்துல பொறந்தவங்க. அவன் மகன்தான் எனக்கு மாப்பிள்ளைன்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். என்கிட்ட சொல்றதுக்கு என்ன?

சீனி இப்ப டீக்கடைக்கும் வர்றதில்ல. முன்னெல்லாம் நான் வர்றதுக்கு முந்தியே எனக்கும் சேர்த்து தே தாரிக் சொல்லி வெச்சிருப்பான். முந்தாநாள் என்னைப் பார்த்ததும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். பார்க்காத மாதிரி. பார்த்தான், எனக்குத் தெரியும்.

இன்னொன்னு. நீ வர முடியாதுன்னா நான் வாரேன். தொணைக்கு ஒரு ஆள் வேணும்லா. சமைப்பேன், துணி துவைப்பேன். உன்னை நான்தானே வளத்தேன், புள்ளை தூக்கத் தெரியாதவனா நானு? ஜாஹித்கிட்ட கேட்டேன், இங்கிலீஷ் ராஜா ஊருக்கு நமக்கு விசா வேண்டாமாம், போன்லயே ஒரு அனுமதி வாங்கிட்டாப் போதுமாம்.

பதில் சீக்கிரம் போடு.

அன்புள்ள அப்பா


எடின்பரோ,
23 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் போட லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்குங்க. வேலை ஜாஸ்தி. நான் நல்லா இருக்கேன்.

அப்பா, நீங்க வர வேண்டாம். கோவப்படாம படிங்க. நீங்க இதுவரைக்கும் பிளேன் ஏறினதே இல்ல. டோஹா விமான நிலையம் நம்ம ஈப்போ மாதிரி இல்ல. ஒரு முனையில இறங்கி மறு முனைக்கு ரயில்ல போகணும், அவ்வளவு பெருசு. எந்த வாசல்ல ஏறணும்னு கடைசி நேரத்துல மாத்துவாங்க. கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காது. உங்களுக்கு அங்க ஒன்னு ஆனா யாருக்குத் தெரியும்? இங்க ஜனவரி வந்தா நடைபாதையெல்லாம் பனி உறைஞ்சு வழுக்கும். நல்ல கால் இருக்குறவங்களே விழுறாங்க.

உங்களை நினைச்சு நான் பயப்படுறதா, என்னைப் பார்த்துக்குறதா? அதைக் கொஞ்சம் யோசிங்க.

ஷர்வினுக்கு வேலை அதிகம். போன் பண்ணச் சொல்றேன். சண்டையெல்லாம் இல்ல.

இங்க இன்னிக்கு வெயில் அடிச்சது. அஞ்சாவது மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தா தூரத்துல கடல் ஒரு கோடு மாதிரி தெரியுது. உங்களுக்குக் காட்டணும்னு தோணுச்சு.

உடம்பைப் பார்த்துக்குங்க.

அன்புடன்,
தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்,
26 நவம்பர் 2025

தினேசு,

நான் சுகம். நீ சுகமான்னு இந்தத் தடவை சும்மா கேக்கல, நெசமாவே கேக்குறேன்.

உன் வீடு கீழ்வீடு. வாசல்ல ரெண்டு படி, பக்கத்துல குப்பைத் தொட்டி, நீயே படம் அனுப்பியிருக்கே. நீ வேலை செய்யுற முதியோர் இல்லம் ரெண்டு மாடி. அதுவும் படம் இருக்கு. அஞ்சாவது மாடி ஜன்னல் எது?

எழுதுறப்பவே இர்ஃபானா எட்டிப் பார்த்துட்டு, 'மாமா, கோவமா எழுதியிருக்கீங்களே'ன்னு கையை ஆட்டிக் கேக்குது. கோவம் இல்ல. ரெண்டு நாளா சோறு எறங்கல. கண்ணை மூடினா ஜன்னல்தான் தெரியுது.

எங்க இருக்கே?

அப்பா


எடின்பரோ,
12 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மறைக்கணும்னு இல்ல. நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல.

ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். நஞ்சுக்கொடி கீழே எறங்கி கர்ப்பப்பை வாசலை அடைச்சுக்கிட்டு இருக்காம். நவம்பர் நடுவுல கொஞ்சம் ரத்தம் போச்சு. நின்னுருச்சு. மறுபடி வந்தா உடனே பார்க்கணும்ங்கிறதுக்காகப் பக்கத்துலேயே படுக்க வெச்சிருக்காங்க. குழந்தை நல்லா இருக்கு. தினமும் அதோட இதயத்துடிப்பைப் போட்டுக் காட்டுறாங்க. குதிரை ஓடுற மாதிரி இருக்கு.

இப்ப தெரிஞ்சிருச்சில்ல? இதுக்கு மேல ஒன்னும் இல்ல. என்கூட வேலை செய்யுற மாக்டான்னு ஒரு போலந்துக்காரப் பொண்ணு தினமும் வர்றாங்க. துணி, பழம் எல்லாம் கொண்டு வந்து தர்றாங்க. ஷர்வினும் பார்த்துக்குறார்.

என் மேல சத்தியமா நீங்க கிளம்பி வரக்கூடாது. நீங்க வழியில எங்கேயாவது மாட்டிக்கிட்டா, இங்க படுத்துக்கிட்டு என்னால ஒன்னும் செய்ய முடியாது.

தயவுசெஞ்சு சாப்பிடுங்க அப்பா.

உங்கள்,
தினேசு


சிம்பாங் பூலாய்,
16 டிசம்பர் 2025

அன்புள்ள தினேசுக்கு,

கடுதாசி கிடைச்சது. நீ நல்லபடியா தேறி வரணும். சாப்பிடுறேன். நேத்து சுபைதாம்மா மீன் குழம்பு குடுத்துவிட்டாங்க.

சத்தியம் எல்லாம் போடாதே. வயித்துப் புள்ளைக்காரி அப்படிப் பேசக்கூடாது.

ரெண்டு நாளா ஈப்போ ஏர்போர்ட்டுல போய் உக்காந்துட்டு வாரேன். சும்மாதான், பொழுது போகணுமே. சிங்கப்பூருக்கு, ஜொகூருக்குப் போறவங்க பெட்டியோட உக்காந்திருக்காங்க. நான் ஒரு கோப்பி வாங்கிக்கிட்டு ஓரமா உக்காந்து பார்ப்பேன். மேல ஸ்பீக்கர் பொட்டியில பேசுறது எனக்குக் கேக்காது. ஆனா ஆளுங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. கூப்பிட்டதும் எல்லாரும் ஒரே நேரத்துல தலையைத் தூக்குறாங்க. அப்புறம் போனை மூடுறாங்க, புள்ளைங்களை இழுத்துப் புடிக்கிறாங்க. பெறகுதான் எந்திரிக்கிறாங்க.

அங்க குளிருக்கு எந்த மாதிரி சட்டை போடுவாங்க? ஜாஹித் ஒரு தடிச் சட்டை வெச்சிருக்கான். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

சீனி வந்தான். பேசினோம். நல்லா இருக்கான்.

மாக்டாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. நல்ல மனுசி.

அன்புள்ள அப்பா


எடின்பரோ,
30 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் அப்படியேதான் இருக்கேன். நடுவுல ஒரு நாள் மறுபடி கொஞ்சம் ரத்தம் பட்டுச்சு, அதான் எழுத முடியல. இப்ப பரவாயில்ல.

உங்க கடிதம் எனக்குப் பயத்தைக் குடுக்குது அப்பா. ஏர்போர்ட்டுல எதுக்கு உக்காந்திருக்கீங்க? சட்டை எதுக்குக் கேக்குறீங்க? இர்ஃபானாவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன், 'மாமா நல்லா இருக்காரு அக்கா'ன்னு மட்டும் பதில் வருது. அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதான் ரொம்பச் சின்னதா பதில் போடுது.

சீனி மாமா என்ன பேசினார்? முன்னெல்லாம் கடிதத்துல மாப்பிள்ளை எங்கேன்னு கேப்பீங்க. இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட கேக்கலையே. ஏன் கேக்கல?

சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கல. வராதீங்க. உங்களையும் இழந்துட்டு நான் என்ன செய்வேன்?

உடனே பதில் போடுங்க.

தினேசு


டோஹா,
5 ஜனவரி 2026

அன்புள்ள தினேசுக்கு,

அப்பா நல்லா இருக்கேன். முதல்ல அதைப் புடிச்சுக்கோ. இதை நானே படம் புடிச்சு அனுப்புறேன், இர்ஃபானா சொல்லிக் குடுத்துச்சு. கோணலா இருந்தா திருப்பி வெச்சுப் படி.

பாஸ்போர்ட்டு டிசம்பர்லேயே எடுத்துட்டேன். ஜாஹித்தான் எல்லாம் செஞ்சு குடுத்தான். இவருக்குக் காது கேக்காதுன்னு இங்கிலீஷ்ல ஒரு அட்டை எழுதிக் கழுத்துல மாட்டிவிட்டான். தள்ளுவண்டி நாற்காலிக்குச் சொல்லட்டுமா மாமான்னு கேட்டான். கால் நல்லாத்தான் இருக்கு, வேண்டாம்னு திமிரா சொல்லிட்டேன். அங்கதான் தப்பு நடந்துச்சு.

கே.எல்.ல இருந்து இங்க வந்து சேர்ந்தது ஒன்னும் சூசா இல்ல, லேசாத்தான் இருந்துச்சு. ஏறி உக்காந்தேன், தட்டு வந்துச்சு, தின்னேன், எறங்கினேன். நீ சொன்ன மாதிரி இந்த இடம் ஒரு டவுனு மாதிரி இருக்கு. சீட்டுல போட்டிருந்த வாசலைத் தேடிப் போய் உக்காந்தேன். எதுத்தாப்புல ஒரு குடும்பம், புள்ளைங்க கையில எல்லாம் தடிச் சட்டை. குளிரு ஊருக்குப் போறவங்கதான், நம்ம கூட்டந்தான்னு நெனச்சு அவங்களையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவங்க தலையைத் தூக்கினாங்க, எந்திரிச்சாங்க, நானும் வரிசையில நின்னேன். சீட்டைக் காட்டினா அந்தப் பொண்ணு தலையை ஆட்டுது. அது வேற குளிரு ஊருக்குப் போற பிளேனாம். என் பிளேனுக்கு வாசலை மாத்திட்டாங்க. ஓடினேன். போய்ச் சேர்றப்ப கதவை அடைச்சுட்டாங்க.

கொஞ்ச நேரம் அங்கேயே தரையில உக்காந்துட்டேன். அப்புறம் அட்டையைப் பார்த்துட்டு ஒரு நேப்பாளிப் பையன் கூட்டிட்டுப் போய் ஆபீஸ்ல விட்டான். நாளைக்குப் போற பிளேன்ல எடம் குடுத்திருக்காங்க. இந்தத் தடவை தள்ளுவண்டியிலதான் போறேன். உக்காருன்னா உக்காருவேன்.

இனி மறைக்க ஒன்னும் இல்ல. நவம்பர் கடைசியில சீனி வீட்டுக்கு வந்தான். என் எதுக்க உக்காந்து, நான் வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குற மாதிரி மெதுவா சொன்னான். "அர்ச்சுனா, என் மகன் உன் புள்ளையை விட்டுட்டு லண்டன் போயிட்டான்டா. ஆகஸ்டு மாசமே போயிட்டான்." புரியலன்னு கையை ஆட்டினேன். மறுபடி சொன்னான். மறுபடியும் புரியலன்னேன். மொத தடவையே புரிஞ்சிருச்சு தினேசு. அது வேற மாதிரி மாறாதான்னு பார்த்தேன்.

சீனியை நான் ஒன்னும் சொல்லல. அவன் அழுத அழுகையைப் பார்த்தா நீயும் சொல்லமாட்டே. அமான்ஜெயா பஸ் ஸ்டேஷன் வரைக்கும் என் பெட்டியை அவன்தான் தூக்கிட்டு வந்தான்.

நாலு மாசமா தனியா இருந்திருக்கே. எங்களுக்காகத்தான் நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கே, தெரியுது. போதும்.

வந்துக்கிட்டே இருக்கேன்.

அப்பா


எடின்பரோ,
6 ஜனவரி 2026, காலை

அப்பா,

எங்க இருக்கீங்க? பிளேன் ஏறிட்டீங்களா? உங்க கடிதத்தை இப்பத்தான் பார்த்தேன்.

விடியறப்ப இருந்து ரத்தம் நிக்கல. ஆபரேஷனுக்குத் தயார் பண்றாங்க. கையில ஊசி இருக்கு, ஒத்தக் கையால அடிக்கிறேன்.

ஏர்போர்ட்டுல மாக்டா நிப்பாங்க. உங்க பேரைத் தமிழ்லேயே எழுதிக் குடுத்திருக்கேன். உயரமா இருப்பாங்க, முடி வெளுத்த மஞ்சளா இருக்கும். அவங்ககூட மட்டும் வாங்க. வேற யார் பின்னாடியும் போகாதீங்க.

ஷர்வினைத் திட்டாதீங்க. முதல் ரெண்டு தடவை போனதுல அவர் உடைஞ்சு போயிட்டார். இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது, இது வேண்டாம்னு சொன்னார். நான் வேணும்னு சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. நீங்க நின்னு நடத்தி வெச்ச கல்யாணம். உங்களுக்குன்னு இருக்குறது சீனி மாமா ஒருத்தர். எப்படிச் சொல்வேன்?

கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க.

அப்பா, ரொம்பப் பயமா இருக்கு. வாங்க. சீக்கிரம் வாங்க.


எடின்பரோ ஆஸ்பத்திரி,
8 ஜனவரி 2026

அன்பு மகள் தினேசுக்கு,

அப்பா வந்துட்டேன். நீ தூங்குறே. கண் முழிச்சதும் படிக்கட்டும்னு உன் பக்கத்துல வெச்சுட்டுப் போறேன். உள்ள ரொம்ப நேரம் இருக்க விடமாட்டேங்கிறாங்க.

மாக்டா காகிதத்தைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அர்ச்சுனன்னு உன் எழுத்துல இருந்துச்சு. நேரா இங்கதான் வந்தோம். அப்ப ஆபரேஷன் முடிஞ்சு, மறுபடி ரத்தம் போகுதுன்னு உன்னை ரெண்டாவது தடவை உள்ள கொண்டு போயிருந்தாங்க. டாக்டர் வந்து என்னென்னமோ சொன்னாங்க. நான் அவங்க வாயைப் பார்க்குறேன், இங்கிலீஷ்ல ஒன்னும் புடிபடல. மாக்டா அழுவுது. அது அழுவுறதைப் பார்த்து எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். செவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறந்தான் அது தன் போன்ல தட்டித் தமிழ்ல மாத்திக் காட்டுச்சு. 'ரத்தம் நின்றுவிட்டது. ஆபத்து நீங்கிவிட்டது.' அந்தப் புள்ளை சந்தோசத்துல அழுதிருக்கு. நல்ல நேரம் பார்த்து அழுதுச்சு போ.

இன்னிக்குக் காலையில டாக்டர் மறுபடி பார்த்துட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனாங்க. நாளைக்கு உன்னை சாதா வார்டுக்கு மாத்துறாங்களாம். ரத்தம் ஏத்தினதுல உன் உதடு கொஞ்சம் செவந்திருக்கு. நேத்து வெளுத்துக் கெடந்துச்சு.

சீனிக்குச் சேதி அனுப்பிட்டேன். மகனுக்குச் சொல்றதும் சொல்லாததும் அவன் பாடு. நீ சொன்னதுக்காக நான் யாரையும் திட்டல. ஆனா இப்ப மன்னிக்கவும் சொல்லாதே, அதுக்கு எனக்குக் கொஞ்சம் நாளாகும்.

புள்ளையை நீ இன்னும் பார்க்கலைன்னு மாக்டா சொல்லுச்சு. நான் பார்த்துட்டேன். பொம்பளப் புள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க, மூக்குல சின்னக் கொழாய். சிறுசுதான், ஆனா கை காலெல்லாம் நீட்டமா இருக்கு. மூச்சு அதுவாவே விடுது.

வாயைத் தெறந்து அழுதா. மூஞ்சி எல்லாம் செவந்து சுருங்குது, எனக்கு ஒன்னும் கேக்கல. பெட்டிக்கு வெளிய பேக்கு மாதிரி நின்னேன். நர்ஸ் என் கழுத்து அட்டையைப் படிச்சாங்க. என்னைக் கூட்டிட்டுப் போய் முழங்கை வரைக்கும் கழுவ வெச்சாங்க. பெட்டியில பக்கவாட்டுல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா என் கையை உள்ள விட்டு, அவ நெஞ்சு மேல வெச்சாங்க.

தினேசு, உள்ளங்கை பூரா அதிருது. ஒவ்வொரு தடவை கத்துறப்பவும் விலாவோட சேர்ந்து அந்தச் சின்ன உடம்பு முழுக்க நடுங்கி என் கைக்கு வருது. நடுவுல நிறுத்தி மூச்சை இழுக்குறா, மறுபடி ஆரம்பிக்கிறா. விடவே மாட்டேங்கிறா.

நீ இன்னும் கேக்கலையே, அதுக்காகத்தான் எழுதுறேன். உன் மக பலமா அழுவுறா.

வெளியில நாற்காலியிலதான் இருக்கேன்.

அப்பா